மெதுவாக ஓடிய மெட்ரனோம்

மெட்ரனோம் மெதுவாக ஓடுகிறது என்பதில் யூனிஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஏதோ ஒரு கடையில் வாங்கிய பொருளாக இருந்தால் மூலையில் போட்டுவிட்டு வேறு வாங்கியிருப்பாள். இது செய்தவரிடமே நேரில் வாங்கியது. அதனால் கூப்பிட்டுச் சொல்வதுதான் முறை என்று நினைத்தாள்.

வாசிக்கிறவருக்குத் தாள வேகம் காட்டும், உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி அது. அதன் முகப்பில் வட்டமாகச் சின்னச் சின்ன விளக்குகள். ஒரு பாட்டுக்கு எத்தனை எண்ணிக்கை, என்ன வேகம், எந்தத் தட்டில் அழுத்தம் என்று முன்பே பதிந்து வைத்துவிட்டால், வெளிச்சம் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி வட்டமாகச் சுற்றி வரும். முதல் தட்டுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சை. சரணம் மூன்று எண்ணிக்கையிலும் பல்லவி நான்கு எண்ணிக்கையிலும் வரும் பாட்டென்றால் விளக்குகளும் அந்தந்த இடத்தில் தாமாகவே மாறிக்கொள்ளும். டிக் டிக் என்ற சத்தம் கிடையாது. ஆராதனை நடக்கும்போது கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டால் வாசிக்கிறவருக்கு மட்டும் தெரியும். ஃபோனிலும் இதற்கெல்லாம் ஆப் உண்டுதான். ஆனால் நடுப்பாட்டில் யாராவது கூப்பிட்டால் திரை மாறிவிடும் என்று பாடகர் குழுவை நடத்தும் அசோகன் அண்ணன் ஃபோனைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்.

யூனிஸ் லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அங்கிருக்கும் தமிழ்ச் சபையில் பள்ளிக்கூட நாளிலிருந்து கீபோர்டு வாசிக்கிறாள். வேலை, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புக்கான ஒரு பியூசி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக்கொடுப்பது. வேகத்தை மனதிலேயே பிடித்து வைத்திருப்பவள் என்று குழுவில் அவளுக்கு நல்ல பெயர். உண்மையில் அவளுக்கு மெட்ரனோமே தேவைப்பட்டதில்லை. ஜூன் மாதத்தில் புதுப் பாட்டுகள் சில நடுவில் எண்ணிக்கை மாறுவதாக வந்தபோதுதான், யாரோ சொன்னார்கள் என்று அல்சூரில் ஷ்ரேயாஸின் வீட்டைத் தேடிப்போய் வாங்கி வந்தாள். ஷ்ரேயாஸ் மாடியில் ஒரு அறையைப் பட்டறையாக்கி இவற்றைத் தானே செய்து விற்கும் இளைஞர். அப்போது அது சரியாகத்தான் ஓடியது. மழைக்காலம் முழுவதும் ஓடியது.

அக்டோபர் கடைசியில், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி ஆரம்பித்த பிறகு, அது இழுக்க ஆரம்பித்தது. வெளிச்சம் அடுத்த விளக்குக்குப் போவதற்குள் அவள் விரல் அங்கே போய்க் காத்திருந்தது. முதலில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டாள். பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டுத் தன் மனதிலிருந்தே வாசித்தாள்.

குழுவில் இருந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே, அக்கா, எங்கயாவது பஸ் பிடிக்கணுமா என்று கேட்டார்கள். கீழ்க்குரலில் பாஸ் பாடும் ஆண்கள் சிரிக்கவில்லை. அசோகன் அண்ணன் வங்கியில் மேனேஜராக இருப்பவர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். அவர் கையைக் காற்றில் அழுத்தி அழுத்திக் காட்டினார். கொஞ்சம் இழுத்துப் பிடியம்மா என்றார். அடுத்த பாட்டிலும் அதையே சொல்ல வேண்டி வந்தது. கடைசியில், அந்தப் பெட்டியை வைத்தே வாசித்துவிடலாமே என்று கேட்டார். அது ரிப்பேர் அண்ணா, ஸ்லோவா ஓடுது என்று யூனிஸ் சொன்னாள். சொன்ன குரலில் இருந்த எரிச்சல் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஷ்ரேயாஸைக் கூப்பிட்டபோது அவர் வாதாடவில்லை. பேட்டரி பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பிறகு வேறு ஒன்றைக் கூரியரில் அனுப்பி வைத்தார், பழையது அவளிடமே இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். புதியது வந்தது. அதுவும் இழுத்தது.

அந்த நாட்களில் யூனிஸுக்கு வேறு சிலவும் நடந்துகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் அவள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. காலேஜில் அவள் பாடம் மற்றவர்களுக்கெல்லாம் முன்பே முடிந்துவிட்டிருந்தது. மாணவர்கள் பின்பெஞ்சிலிருந்து, மேம், கொஞ்சம் ஸ்லோவா என்று கெஞ்சினார்கள். சுடிதார்கள் தொளதொளவென்று ஆகியிருந்தன, ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்ன டயட் என்று கேட்டார்கள். டயட் ஒன்றும் இல்லை, அவள் முன்னைவிட அதிகம்தான் சாப்பிட்டாள். ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்க அவளுக்கு மட்டும் வியர்த்தது.

அவள் கவனித்தது ஒன்றே ஒன்றைத்தான். கை நடுங்கியது. பெரிதாக இல்லை. போர்டில் எழுதும்போது மார்க்கர் லேசாக அதிர்ந்தது. டம்ளரைத் தட்டில் வைத்தால் கடகடவென்று ஒரு சின்ன ஓசை வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியவுடன் வலது கை ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். ஃபிட்டராக வேலை பார்த்தவர். முதலில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாமல் போயிற்று, பிறகு சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று, பிறகு நடையும் பேச்சும் போயின. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இது குடும்பத்தில் வருமா என்று யூனிஸும் தம்பி ஆல்வினும் அப்போதே டாக்டரிடம் கேட்டார்கள். பெரும்பாலும் வராது என்றார் அவர். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆகவே மெட்ரனோம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில் யூனிஸ் பிடிவாதமாக இருந்தாள். பெட்டியில் கோளாறு என்றால் கோளாறு பெட்டியோடு போயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு பெட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு அல்சூருக்குப் போனாள். நேராகச் சண்டை போடுகிற மனநிலையில்தான் படியேறினாள். மூன்றாவது படியிலேயே மூச்சு முட்டியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஷ்ரேயாஸ் மேஜையில் எதையோ ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கன்னடத்தில் ஆரம்பித்த பேச்சு, அவள் கோபத்தில் தமிழுக்குத் தாவியதும் தமிழிலேயே தொடர்ந்தது. தமிழர்கள் நடுவில் வளர்ந்த அல்சூர்க்காரருக்கு அது சிரமமில்லை. இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி கெட்டிருக்கிறது, உங்கள் டிசைனிலேயே ஏதோ தப்பு, எங்கள் கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் குளறுபடியாகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இரண்டு பெட்டிகளையும் வாங்கி மேஜையில் வைத்து, தன்னிடம் இருந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்தார். மூன்றையும் நிமிடத்துக்கு அறுபது என்று வைத்து ஒன்றாக ஓடவிட்டார். மூன்று வட்டங்களிலும் வெளிச்சம் ஒரே சமயத்தில் தாவியது.

மூணுமே ஸ்லோ என்றாள் யூனிஸ்.

ஷ்ரேயாஸ் எழுந்து சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் சாய்த்து வைத்தார். அறுபது என்றால் விநாடிக்கு ஒன்று. விநாடி முள் அசைந்தபோதெல்லாம் மூன்று வெளிச்சங்களும் அசைந்தன. ஒரு முழு நிமிடம் இருவரும் பார்த்தார்கள்.

யூனிஸுக்குக் கடிகாரமும் மெதுவாகத்தான் போனது. முள் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, யோசித்து, பிறகு மனமில்லாமல் அடுத்ததற்கு நகர்வதுபோல் இருந்தது. கடிகாரம் தப்பு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

ஷ்ரேயாஸ் மெதுவாகத்தான் பேசினார். "மேடம், கோச்சுக்காதீங்க. ஸ்வல்ப, கொஞ்சம் கண்ணை மூடிட்டு, உங்க மனசுக்கு அறுபதுன்னு எது தோணுதோ அதை இந்தப் பட்டன்ல தட்டுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அவள் தட்டினாள். கண்ணைத் திறந்தபோது அவர் பெட்டியை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். உண்மையான தட்டு விழவேண்டிய இடம் பச்சையாகவும், அவள் தட்டு விழுந்த இடம் மஞ்சளாகவும் தெரியும்படி அதில் ஒரு வசதி இருந்தது. மஞ்சள் புள்ளிகள் பச்சையை விட்டு விலகி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட இன்னும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. சுற்றின் கடைசியில் ஒரு முழுத் தட்டுக்கும் மேலேயே வித்தியாசம் இருந்தது.

"ஆனா ஒண்ணு பாருங்க," என்றார் ஷ்ரேயாஸ். "ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி மாறவே இல்ல. தடுமாற்றம் எதுவும் கிடையாது. சீரா இருக்கு, வேகமா இருக்கு, அவ்வளவுதான். ஸ்லோவா தெரியுதுன்னு நீங்க சொன்னது பொய் இல்ல. பெட்டியும் பொய் சொல்லல."

வேண்டுமானால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு மனக்குறை வேண்டாம் என்றும் சொன்னார். யூனிஸ் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு, கூரியரில் வந்ததை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினாள். பட்டனைத் தட்டிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கைகளை மேஜைக்கு அடியில் வைத்திருந்தது அவளுக்குப் படியில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். பெட்டி சரி. கடிகாரம் சரி. அப்படியென்றால் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். கை நடுக்கத்தையும் இதையும் சேர்த்துப் பார்க்காமல் இனி இருக்க முடியவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ, அவரும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பாரோ என்று நினைத்தாள். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள்.

அவள் கணவன் ரூபன் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்பவன். வண்டி கொண்டுவருகிறவர்கள் சொல்வதைப் பாதி கேட்டாலே கோளாறு எங்கே என்று பிடித்துவிடுவான், ஆனால் அவர்கள் முழுதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பான். வீட்டிலும் அப்படித்தான். அன்று சாயங்காலம் அவன் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக டீ போட்டுக்கொண்டிருந்தான். யூனிஸ் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டம்ளரை வாங்கும்போது டீ தளும்பிச் சேலையில் விழுந்தது.

"கை நடுங்குது," என்றாள் அவள். "ரொம்ப நாளா நடுங்குது. உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்," என்றான் ரூபன். "நீயா சொல்லட்டும்னு இருந்தேன். தப்புதான், முன்னாடியே கேட்டிருக்கணும்."

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றி, மஞ்சள் புள்ளிகளைப் பற்றி. சொல்லச் சொல்ல வேகம் கூடியது. அவன் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அது சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. இத்தனை குளிரில் இப்படிச் சுடுகிறதே என்று மட்டும் சொன்னான். திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டார்கள்.

டாக்டர் சௌம்யாவின் கிளினிக் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். காய்ச்சல் தலைவலிக்கு எப்போதும் போகிற இடம். அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுபவர், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர். யூனிஸ் முதலிலேயே அப்பாவின் வியாதியைச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார். மடியில் சும்மா கிடந்தபோது அவை அசையவில்லை. பிறகு இரண்டு கைகளையும் நேராக நீட்டச் சொல்லி, மேஜையிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்து விரல்களின் மேல் வைத்தார். காகிதத்தின் ஓரம் சிலுசிலுவென்று அதிர்ந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் மறுபடியும் பார்த்தார். கழுத்தின் முன்பக்கத்தை விரல்களால் தொட்டு, எச்சிலை விழுங்கச் சொன்னார். எடை குறைந்திருக்கிறதா, பசி எப்படி, தூக்கம் எப்படி, வியர்க்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ரூபன்தான் பதில் சொன்னான். அவன் இத்தனையையும் கவனித்து வைத்திருந்தான் என்பது யூனிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் யூனிஸ் மெட்ரனோம் விஷயத்தைச் சொன்னாள். சொல்ல வெட்கமாக இருந்தது, பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க அப்பாவோட வியாதி ஆளையே மெதுவாக்கும்," என்றார். "கை சும்மா இருக்கறப்ப ஆடும், வேலை செய்யறப்ப குறையும். உங்களுக்கு நேர்மாறு. சும்மா இருக்கறப்ப ஆடல, நீட்டினா நடுங்குது. உள்ள எல்லாமே வேகமா ஓடுது. எனக்கு இது தைராய்டு மாதிரிதான் தெரியுது. ரத்தப் பரிசோதனை வந்ததும் உறுதியா சொல்றேன். அதுக்குள்ள மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

நேரம் தெரிவதுகூட இதனால் மாறுமா என்று ரூபன் கேட்டான். தான் படித்த எதிலும் அப்படி எழுதியிருந்ததாக நினைவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் நெஞ்சு இந்த வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கடிகாரம் மெதுவாகத் தெரிந்தால் தனக்கு ஆச்சரியமில்லை என்றார்.

மறுநாள் மதியம், யூனிஸ் கடைசி வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது டாக்டரே கூப்பிட்டார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. மாத்திரை போட்டால் கட்டுக்குள் வரும், சில வாரங்கள் பிடிக்கும், படபடப்புக்குத் தனியாக ஒன்று தருகிறேன், அதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார். அப்புறம், அவள் கேட்காமலே, அப்பாவோட வியாதி இல்லம்மா என்று ஒருமுறை சொன்னார்.

யூனிஸ் காலேஜ் வராந்தாவின் தூணில் சாய்ந்துகொண்டாள். பையன்கள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது பசி. எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போய் மசால் தோசை சொல்லிச் சாப்பிட்டாள். முடித்துவிட்டு இன்னொன்று சொன்னாள். இத்தனை நாளாக இந்தப் பசிக்காகக்கூடத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் தன் குற்றமில்லை என்று தெரிந்தபோது இரண்டாவது தோசை முதலாவதைவிட நன்றாக இருந்தது. பாதியில் அழுகையும் வந்தது. சர்வர் தண்ணீர் டம்ளரை ஓசைப்படாமல் நிரப்பிவிட்டுப் போனார்.

ரூபனிடம் சொன்ன பிறகு தம்பி ஆல்வினைக் கூப்பிட்டாள். அவன் ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் இன்ஜினியர். அவள் கை நடுங்கியதைச் சொன்ன இடத்தில் அவன் பக்கம் சத்தமே இல்லாமல் போயிற்று. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து அவள் மீதியை அவசரமாகச் சொல்லி முடித்தாள்.

"அக்கா," என்றான் அவன். "நான் தினம் காலையில ஷேவ் பண்றப்ப கையைப் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்னிக்கு வந்துடுச்சா, இன்னிக்கு வந்துடுச்சான்னு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா."

"நீ எங்கிட்ட சொன்னியா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவனையும் ஒருமுறை டாக்டர் சௌம்யாவிடம் காட்டிவிடலாம், பயத்தோடு ஷேவ் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவள் சொன்னாள். அவன் சரி என்றான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வருவதாகவும் சொன்னான்.

மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது, கை நடுக்கமும் பெருமளவு அடங்கியது. வேகம் மட்டும் உடனே அடங்கவில்லை. பயிற்சிக்கு முன்னால் யூனிஸ் அசோகன் அண்ணனைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். எல்லார் முன்னாலும் பெட்டியைக் குறை சொன்னதற்கு வருத்தப்பட்டாள். இந்த வருடம் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள், நான் வரிசையில் நின்று பாடுகிறேன் என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "விரல் சொன்னபடி கேக்குதா?"

"கேக்குது அண்ணா."

"கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப விளக்கைப் பாத்து வாசி. உன் மனசு என்ன சொன்னாலும் இந்த ஒரு மாசம் அதைக் கேக்காத. அது லீவுல இருக்கு."

அப்படியே செய்தாள். பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் பதிந்து வைத்தாள். தன் யோசனைப்படி கூட்டி வைத்திருந்த வேகங்களையெல்லாம் அழித்துவிட்டு அசோகன் அண்ணன் சொன்ன வேகத்தையே போட்டாள். முதல் இரண்டு பயிற்சிகள் கொடுமையாக இருந்தன. சிவப்பு விளக்கு சுற்றி வருவதற்குள் ஒரு சிக்னலில் நிற்பதுபோல் நிற்க வேண்டியிருந்தது. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்படி இழுத்தால் பாட்டு செத்துவிடுமே என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் பாடுகிறவர்கள் முகங்களெல்லாம் தெளிவாக இருந்தன. யாரும் மூச்சுக்குத் தவிக்கவில்லை. சரி, இவர்கள் சொல்வதை நம்புவோம் என்று அவள் மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

ஷ்ரேயாஸையும் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முதலில் பதறிப்போய், உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அதன்பிறகு, தன் பெட்டி சரியாக இருந்ததில் இத்தனை சந்தோஷம் அவருக்கு இதுவரை வந்ததில்லை என்று சொன்னார். அவள் வந்துபோன இரவு அவரும் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கி வைத்துப் பார்த்தாராம்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்குச் சபை நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். வெளியே பனி. யூனிஸ் ஒரு மெல்லிய சால்வை போர்த்தியிருந்தாள், அது தேவைப்பட்டது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. அசோகன் அண்ணன் கையை உயர்த்தினார். விளக்கு சுற்ற ஆரம்பித்தது. அவள் தனக்குள் எதையும் கேட்காமல், சிவப்பு வந்தபோது முதல் சுரத்தை அழுத்தினாள்.

காத்திருக்கும் இடங்களில் அவளுக்கு வேறு சில காதில் விழுந்தன. பாஸ் ஆட்கள் சேர்ந்து மூச்சிழுப்பது. ஒரு வரி முடிந்து கூரையில் பட்டுத் திரும்புவது. பின்வரிசையில் ஒரு குழந்தை எல்லாரும் பாடி முடித்த பிறகு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் தனியாகப் பாடுவது. எண்ணிக்கை மாறும் பாட்டில் மூன்றிலிருந்து நான்குக்கு விளக்குகள் மாறியபோது, குழு முழுவதும் ஒரு ஆள்போல அவளோடு திரும்பியது. மூன்றாவது பாட்டில் சபையே எழுந்து சேர்ந்துகொண்டது. அந்த வேகத்தில் அத்தனை பேருக்கும் மூச்சுவிட்டுப் பாட இடம் இருந்தது.

முடிந்ததும் அசோகன் அண்ணன் அவள் பக்கம் வந்து கீபோர்டின் மேல் ஒருமுறை தட்டிவிட்டு, எல்லாரையும் கேக் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.

மதியம் ஆல்வின் வந்தான். அதற்கு முந்தைய வாரமே டாக்டர் சௌம்யா அவனைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை, ஷிஃப்ட் முடிந்ததும் ஒழுங்காகத் தூங்குங்கள் என்று அனுப்பியிருந்தார். ரூபன் பிரியாணி செய்திருந்தான். சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக்கூட எடுக்காமல் மூவரும் உட்கார்ந்திருந்தபோது ஆல்வின் அப்பாவின் ஸ்கூட்டர் பேச்சை எடுத்தான்.

அப்பா நாற்பது வயதுக்குமேல்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். இடது பக்கம் திருப்ப வந்தது, வலது பக்கம் திருப்பக் கடைசிவரை வரவில்லை. எதிரே வரும் வண்டிகளைக் கண்டால் பயம். அதனால் எங்கே போவதானாலும் இடதாகவே திரும்பித் திரும்பிப் போய்ச் சேருவார். இரண்டு தெரு தள்ளியிருந்த பால் பூத்துக்கு அவர்கள் லிங்கராஜபுரம் முழுவதையும் சுற்றிப் போவார்கள். பின்னால் யூனிஸ், முன்னால் நின்றுகொண்டு ஆல்வின். அப்பா வழியெல்லாம் தெரிந்தவர்களுக்கு ஒரு கையைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டே வருவார். என்ன சார், இந்தப் பக்கம் என்று கேட்பவர்களிடம், பால் வாங்கத்தான் என்று கூச்சமே இல்லாமல் சொல்வார்.

ரூபன் இதைக் கேட்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்த மாமனார் நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தவர்தான். ரிவர்ஸ் கியரே போட்டதில்லையா என்று அவன் கேட்க, ஸ்கூட்டருக்கு ஏது ரிவர்ஸ் என்று ஆல்வின் சொல்ல, சர்வீஸ் சென்டர்காரர் கேட்கிற கேள்வியா இது என்று யூனிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. ஒருநாள் அப்பா போலீஸ்காரரிடமே மாட்டிக்கொண்ட கதையும் இருந்தது, அதை ஆல்வின் ஒருவிதமாகவும் அவள் ஒருவிதமாகவும் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று கடைசிவரை தீரவில்லை. வெயில் ஜன்னலை விட்டுப் போகும்வரை அவர்கள் அப்படியே அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.